வெள்ளித்தாள் சோடனை

குப்பை கேட்டது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பிறகு ஒருவரும் வந்து என் வாயைக் கிண்ட வேண்டாம்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு வாணி விழாவுக்கு எங்கள் பாலர் பாடசாலையைச் சோடிக்க சண்டைக்குப் பாதை மூடினதால் ஒரு துண்டு கலர்ப் பேப்பர்கூட உடுப்பிட்டியில் கிடைக்கவில்லை. சைக்கிள் உழக்கி நெல்லியடிக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ரீச்சர், தீப்பெட்டியே வருகுதில்லை. நீங்கள் கலர்ப் பேப்பர் கேக்கிறியள்” என்றார். போன வருஷத்து மாலைகளை எலி தின்றுவிட்டது. சரஸ்வதி படத்தைச் சுற்றி வெறும் தென்னோலைக் கிடுகு தெரிய விழா நடத்தினால் பார்க்க வருகிற தாய்மாரின் வாய் சும்மா இருக்குமா? “செல்வநாயகி ரீச்சருக்கு இவ்வளவுதான் ஏலும்” என்பார்கள்.

அதனால் முப்பத்தொரு பிள்ளைகளையும் பாயில் இருத்தி வைத்துச் சொன்னேன். “நாளையிலையிருந்து ஒவ்வொருத்தரும் வீட்டிலை எறியிற குப்பையிலை ஒரு நல்ல சாமான் எடுத்து, கழுவிக் கொண்டு வரவேணும். காசு குடுத்து வாங்கினது ஒண்டும் எனக்கு வேண்டாம். உங்கடை உங்கடை வீட்டுக் குப்பை. விளங்கிச்சோ?”

“ஓம் ரீச்சர்” என்று கூரை அதிரக் கத்தினார்கள்.

அன்றிலிருந்தே பிள்ளைகளுக்கு விழாதான். சோடா மூடிகளைக் கல்லில் தட்டித் தட்டையாக்கிச் சரம் கோத்தோம். தென்னங் குரும்பட்டியில் ஈர்க்குக் குத்தித் தேர் செய்தோம். சிரட்டையில் கரியால் கண்ணும் மூக்கும் கீறி ஆந்தை செய்தோம். பழைய கொப்பித் தாளில் செவ்வரத்தம்பூவைத் தேய்த்தால் ஊதா வரும், மஞ்சள் துண்டைத் தேய்த்தால் மஞ்சள் வரும். பசைக்கு நறுவிலிப் பழம். பிதுக்கினால் வருகிற களி இருக்கிறதே, கப்பலில் வந்த எந்தக் கோந்தும் அதற்குக் கிட்ட நிற்காது. ஒரு சதம் செலவில்லை.

ஆனால் ஊரில் குப்பை கேட்டால் என்ன நடக்கும் என்று நான் யோசிக்கவில்லை. நிவாரண அட்டையில் வருமானமே இல்லை என்று எழுதிக் கொடுத்த வீட்டுப் பிள்ளை வெளிநாட்டுச் சொக்கலேற் தாள் கொண்டு வந்தது. சவர்க்காரம் கண்ணால் கண்டு ஆறு மாதம், பனங்காயில்தான் உடுப்புத் தோய்க்கிறோம் என்று போன கிழமை என்னிடம் அழுத சிவக்கொழுந்தின் மகன், வாசம்கூடப் போகாத சவர்க்காரத் தாளோடு வந்து நின்றான். நான் அதை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தேன். மத்தியானமே சிவக்கொழுந்து ஓடி வந்துவிட்டாள்.

“ரீச்சர், அந்தத் தாள் எங்கடை இல்லை. காத்துக்குப் பறந்து வந்து எங்கடை வளவுக்குள்ளை விழுந்தது.”

“தொண்டைமானாத்துப் பக்கமிருந்து பறந்து வந்ததோ, பருத்தித்துறைப் பக்கமிருந்தோ?” என்று கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு தாய்மார் பிள்ளைகளின் பைகளைச் சோதித்து அனுப்பத் தொடங்கினார்கள். சிலர் பக்கத்து வீட்டுக் குப்பையை மாற்றி அனுப்பினார்கள். நான் ஒழுங்கையால் போனால் வேலிக்கு அந்தப் பக்கம் கதை நின்றுவிடும். ரீச்சர் குப்பையைப் பார்த்துப் போய் யாருடைய காதிலோ போடுகிறாள் என்று ஒரு கதை. எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன், எந்த வீட்டில் என்ன தின்கிறார்கள் என்று பார்ப்பதில் எனக்கு ஒரு ருசியும் இருந்தது. சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்தது. தேங்காய் வாங்கினால் மூன்று தரம் ஆட்டிப் பார்ப்பேன். கோயிலில் ஐயர் தருகிற விபூதியைக்கூட உற்றுப் பார்த்துத்தான் பூசுவேன்.

இனிப் பூரணத்தின் கதைக்கு வருகிறேன். பூரணம் எங்கள் பாடசாலையில் வேலை செய்கிறவள். தொண்ணூறில் கீரிமலைப் பக்கத்திலிருந்து ஷெல்லடிக்கு ஓடி வந்தவள். கடலுக்குப் போன புருஷன் அதற்கு முதல் வருஷமே திரும்பவில்லை. ஞானாம்பிகை என்று ஒரே ஒரு பெண்பிள்ளை. பாடசாலைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையை ஒதுக்கி, இருந்துகொள் என்று விட்டது பாடசாலையை நடத்துகிற எங்கள் சபை. அதற்குப் பதிலாக அவள் கூட்ட வேண்டும், தண்ணீர் அள்ள வேண்டும், காலையில் பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுக்க வேண்டும். அதிகம் பேசமாட்டாள். அதிகம் பேசாதவர்களை எனக்குப் பிடிக்காது. என்ன நினைக்கிறார்கள் என்று பிடிபடுவதே இல்லை.

பால்மா நிவாரணத்தில் வருவது. பிள்ளைகளுக்கென்றே தருகிறார்கள். என் புருஷன் தியாகராசாதான் சபையின் செயலாளர், அவர்தான் பைகளைச் சைக்கிளில் கட்டிக் கொண்டு வருவார். ஒவ்வொரு பையிலும் ‘இலவச விநியோகம். விற்பனைக்கன்று’ என்று சிவப்பு முத்திரை. அதைப் பாடசாலை அலுமாரியில் வைத்து ஆமைப்பூட்டுப் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பூட்டுக்குத் திறப்பு இரண்டு. ஒன்று என் கைப்பையில், மற்றது எங்கள் வீட்டுச் சாமியறை ஆணியில். காலையில் என் திறப்பைப் பூரணத்திடம் கொடுப்பேன். அவள் பால்மா எடுத்துவிட்டுப் பூட்டித் திருப்பித் தருவாள்.

ஞானாம்பிகை முதல் மூன்று நாளும் வெறுங்கையோடு வந்தாள். மூன்றாம் நாள் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், “எங்கை உன்ரை குப்பை?” என்று கேட்டுவிட்டேன். நாலரை வயதுப் பிள்ளை. கால் விரலால் நிலத்தைக் கீறிக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் வெள்ளித்தாளோடு வந்தாள். இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தாள். கழுவி, கையால் நீவி நீவித் தட்டையாக்கிய பெரிய தாள். வெய்யில் பட்டுக் கொட்டில் முழுக்க மின்னியது. பிள்ளைகள் பாயை விட்டு எழும்பி ஓடி வந்தார்கள். நான் எட்டிதழ்ப் பூ மடிக்கக் காட்டிக் கொடுத்தேன். அவள் ஒரே தரத்தில் பிடித்துக்கொண்டாள். அடுத்தடுத்த நாளும் தாள் வந்தது. பூக்கள் கூடின. சரஸ்வதிக்கு மேலே வளைவாகக் கட்டினால் வேறு சோடனையே வேண்டாம் என்று நானே வாய்விட்டுச் சொன்னேன்.

மூன்றாவது தாளை வெட்டும்போதுதான் தற்செயலாகப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அரைவாசி உரிந்து போன சிவப்பு முத்திரை. ‘விற்பனைக்கன்று.’

 கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டுப் போய் அலுமாரியைத் திறந்து எண்ணினேன். நாலு பை குறைந்திருந்தது.

அட கடவுளே, பால்குடிக்கிற பிள்ளைகளின் வாயிலிருந்து பிடுங்குகிறாளே! அதன் பிறகு பார்த்ததெல்லாம் அதற்கே பொருந்தி வந்தது. காலையில் பால் கொடுக்கும்போது ஞானாம்பிகையின் கோப்பையை எட்டிப் பார்த்தேன். வெறும் தேத்தண்ணீர். வீட்டில் வயிறு முட்டக் குடிக்கிற பிள்ளைக்கு இங்கே எதற்குப் பால் என்று நினைத்துக்கொண்டேன். பூரணம் கோப்பைகளைக் கழுவும்போது முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். கள்ளிக்குத்தான் முகத்தைக் காட்டப் பயம் என்று நினைத்தேன். பிள்ளையையே கேட்டிருக்கலாம். கேட்டால் தாய் விழித்துக்கொண்டு மிச்சத்தையும் ஒளித்துவிடுவாள் என்று கேட்கவில்லை. என் புத்தி அப்படி ஓடியது.

மத்தியானம் சோறு போடும்போது தியாகராசாவிடம் சொன்னேன். அவருடைய கை சோற்றுக் கோப்பையில் அப்படியே நின்றது.

“வெள்ளித்தாளோ? பிள்ளை எங்கையாம் எடுத்தது?”

“எங்கை எடுக்கிறது! தாய் களவெடுத்த பால்மாவின்ரை பைதான். கழுவிக் குடுத்து விட்டிருக்கிறாள். எவ்வளவு துணிவு பாருங்கோ.”

அவர் இரண்டு வாய் தின்ற பிறகு, “ஓமோம், வேறை ஆர்?” என்றார். “ஆனா உதைப் பெரிசாக்கக் கூடாது செல்வம். பாவம், அகதியாய் வந்தவள். சத்தமில்லாமல் அனுப்பி விடுவம்.”

எவ்வளவு நல்ல மனம் என்று நினைத்தேன். அன்று பின்னேரம் அவர் எங்கள் வளவின் கோடியில் வாழைக்குப் பக்கத்திலிருந்த குப்பைக்கிடங்கைக் கிளறி நெருப்பு வைத்தார். கலியாணம் செய்து பதினாலு வருஷம், ஒரு நாளும் அந்தப் பக்கம் எட்டிப் பாராத மனுஷன். “ஒரே நுளம்பு, கடிச்சுத் தள்ளுது” என்றார். இப்போதாவது வீட்டு வேலையில் கை வைக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை விளக்குமாறு எடுக்கிற சாட்டில் பூரணத்தின் அறைக்குள் போனேன். அவள் கிணற்றடியில் நின்றாள். கண்ணை நாலு பக்கமும் ஓட்டினேன். ஒரு பாய். இரண்டு சட்டி. ஒரு துணி மூட்டை. கயிற்றில் பிள்ளையின் சட்டை ஒன்று. மூலையில் தேங்காய்த் தும்பைத் திரித்து வைத்திருந்தாள், கிழிந்த சாரத்தை மடித்துத் தலையணையாக்கி இருந்தாள், உடைந்த சிரட்டையில் உப்பு. பால்மா இல்லை, தகர ரின் இல்லை, ஒரு காகிதத் துண்டுகூட இல்லை. மகாகெட்டிக்காரி, எங்கேயோ ஒளித்துவிட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது.

சனிக்கிழமை காலை சபை கூடியது. சபை என்றால் தலைவர் கனகசபாபதியர், என் புருஷன், நான். கனகசபாபதியர் ஓய்வு பெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். ரயிலே ஓடாத ஊரில் இன்னமும் நேரம் பார்த்து நடப்பவர். அவர் முன்னால் நான் வெள்ளித்தாளை விரித்து முத்திரையைக் காட்டினேன். சோடனைக்கு வந்த தாய்மார் வாசலில் கேட்டுக்கொண்டு நிற்க, பூரணத்தைக் கூப்பிட்டார்கள்.

“நீர் எடுத்தனீரோ?” என்று கேட்டார் கனகசபாபதியர்.

“இல்லை ஐயா.”

“அப்ப பிள்ளைக்கு உது எப்பிடி வந்தது?”

“தெரியாது ஐயா. குப்பையிலை பொறுக்கினதெண்டு சொன்னாள்.”

“எந்தக் குப்பையிலை பால்மாப் பை கிடக்குது? எனக்கும் ஒருக்காக் காட்டும் பாப்பம்” என்று நான் பாய்ந்தேன். பூரணம் என்னைப் பார்த்தாள். பிறகு என் புருஷனைப் பார்த்தாள். அவர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். அவள் வாயைத் திறக்கப் போனவள், மூடிக்கொண்டாள்.

விழா முடிந்த அடுத்த நாள் அறையை விட்டுப் போக வேண்டும் என்று முடிவு. “விழா முடியுமட்டும் பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. தன்ரை பூவைச் சாமிக்கு மேலை பாக்கவேணுமெண்டு இருக்கிறாள்” என்று மட்டும் கேட்டாள் பூரணம். அழவில்லை. அழாதது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

அன்று பின்னேரம் நான் தனியே ஏணியில் ஏறி நின்று பூக்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஞானாம்பிகை கீழே நின்று ஒவ்வொரு பூவாக எடுத்துத் தந்தாள். தாய் கக்கூசுப் பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. இனி என்ன, எல்லாம் முடிந்துவிட்டது, பிள்ளையைக் கேட்டால் என்ன என்று தோன்றியது. களவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று அறிந்து மிச்சத்தையாவது பிடிக்கலாம்.

“பிள்ளை, இந்த வெள்ளித்தாள் எங்கை எடுத்தனீ? உண்மையைச் சொல்லவேணும்.”

“காட்டட்டோ ரீச்சர்?”

என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாடசாலைப் படலையைத் தாண்டினாள். ஒழுங்கையில் திரும்பினாள். எங்கள் வீட்டு வேலியில் நாய் போகிற பொட்டு ஒன்று உண்டு. அதற்குள்ளால் குனிந்து போய், அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டாள். நான் படலையால் சுற்றிப் போனேன். வாழையடியில், எங்கள் குப்பைக்கிடங்குக்குப் பக்கத்தில், கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“இஞ்சைதான் ரீச்சர். கோழி கிண்டேக்கை மினுங்கிச்சுது. இப்ப இல்லை. ஐயா எரிச்சுப் போட்டார்.”

 அப்போதும் என் வாய் கேள்வியை விடவில்லை.

“எங்கடை குப்பைக்கை ஏன் வந்தனீ? உங்கடை வீட்டுக் குப்பையை அல்லோ கொண்டுவரச் சொன்னனான்.”

“எங்கடை வீட்டிலை குப்பை இல்லை ரீச்சர்” என்றாள். “அம்மா ஒண்டையும் எறியிறேல்லை. நான் தேடிப் பாத்தனான்.”

ஐயோ, அந்தப் பிள்ளை அதைச் சொன்ன விதம். ஏதோ தன்னில் பிழை என்பது போல, அடிக்கப் போகிறேனோ என்று பார்த்துக்கொண்டு சொன்னாள். செலவில்லாத சோடனை என்று ஊருக்கெல்லாம் பெருமை பேசினவள் நான். எறிவதற்கு ஒன்றும் இல்லாத வீடு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த அறைக்குள் போய் நாலு பக்கமும் கண்ணை ஓட்டியும் தோன்றவில்லை.

பிள்ளையை அனுப்பிவிட்டுச் சாம்பலைத் தடியால் கிண்டினேன். எரியாத ஒரு மூலை அகப்பட்டது. சிவப்பு முத்திரை. எங்கள் தோட்டத்து வெங்காயக் கொட்டிலுக்குள் போனேன். இறைப்பு மெசினை மூடியிருந்த சாக்கைத் தூக்கினேன். அடியில் ஒரு பழைய பிஸ்கற் ரின். திறந்தால் பால்மா வாசம் மூக்கில் அடித்தது. பக்கத்தில் ஒரு கான் மண்ணெண்ணெய். ஊரில் விளக்குக்கே ஒரு போத்தல் கிடைக்காத நேரத்தில் எங்கள் தோட்டத்துக்கு மட்டும் எப்படி இறைக்கிறது என்று இந்தப் பதினைந்து நாளில் நான் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. ஊரார் வீட்டுச் சவர்க்காரத் தாளை மோந்து பார்த்தவள், என் வீட்டுக் கொட்டிலுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. சாமியறை ஆணியில் தொங்குகிற திறப்பும் என் நினைவுக்கு வரவில்லை.

தியாகராசா சைக்கிளை நிறுத்த முன்னமே ரின்னை அவர் முன்னால் வைத்தேன். அவர் மறுக்கவில்லை.

“தேத்தண்ணிக் கடைக்காரன் பால்மாவுக்கு எண்ணெய் தாறன் எண்டான். நாலு பரப்பு வெங்காயம் வாடிக்கொண்டு நிக்குது. அது காஞ்சால் வருஷம் முழுக்க நீ என்ன தின்னுவாய்?”

“பிள்ளையளின்ரை பாலைக் குடுத்தே நாங்கள் தின்னவேணும்? உங்களுக்கு வெக்கமில்லையே? அவள் நிண்டு இல்லை இல்லையெண்டு சொல்லேக்கை யன்னலைப் பாத்துக்கொண்டு இருந்தியளே!”

“சத்தம் போடாதை. அவள் எப்பிடியும் ஊருக்குப் போறவள்தானே. நாங்கள் இஞ்சை இருக்க வேண்டிய ஆக்கள். உது வெளியிலை வந்தால் என்ரை மானமும் போம், உன்ரை ரீச்சர் வேலையும் போம். யோசிச்சுக் கதை.”

யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், யோசித்தேன்தான். கொட்டில் வாசலில் குந்தியிருந்து ஒரு நாழிகை யோசித்தேன். ஒரு பக்கம் இந்த வீடு, இந்த மனுஷன், நாளைக்கு நான் தலை நிமிர்ந்து நடக்க வேண்டிய ஒழுங்கை. மற்றப் பக்கம் நாலரை வயதுப் பிள்ளை வீடெல்லாம் குப்பை தேடினது. எழும்பிப் போய்ப் பூரணத்தின் கதவைத் தட்டினேன்.

அவள் சட்டிகளைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முடிச்சை இறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“தெரியும் ரீச்சர்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ஐயா வந்து அலுமாரி திறந்ததைக் கண்டனான். அந்தப் பை குறைஞ்ச நாளிலையிருந்து முப்பத்தொரு பேருக்குப் பால் காணாது. தண்ணியைக் கூட்டினால் பிள்ளையள் குடிக்காதுகள். அதாலை என்ரை பிள்ளையின்ரை பங்கை மற்றதுகளுக்கு விட்டனான்.”

 எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். “ஏன் சபையிலை சொல்லேல்லை? வாய் இல்லையே உமக்கு?”

“சொல்லியிருந்தால் நீங்கள் நம்பியிருப்பியளோ?”

நம்பியிருக்க மாட்டேன். களவும் எடுத்துவிட்டு என் புருஷனையும் இழுக்கிறாளா என்று அவளுடைய மூட்டையைத் தூக்கி ஒழுங்கையில் எறிந்திருப்பேன்.  “நீர் ஒரு இடமும் போகவேண்டாம். நான் கனகசபாபதியரிட்டைக் கதைக்கிறன். இஞ்சையே இரும்” என்றேன்.

“கதைக்க வேண்டாம் ரீச்சர். எழுதித் தாங்கோ.”

“என்னத்தை?”

“பூரணம் களவெடுக்கேல்லை எண்டு. நாளைக்கு இஞ்சையிருந்தும் ஓடவேண்டி வந்தால் போற இடத்திலையும் இந்தக் கதை எனக்கு முன்னாலை போய் நிக்கும். வாய்க்கதையை நான் எங்கை கொண்டுபோய்க் காட்டுறது?”

நியாயம்தான். பாடசாலைக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துக் கொண்டு வந்து, கதவு நிலையில் வைத்து எழுதினேன். ‘பூரணம் என்பவர் எமது பாலர் பாடசாலையில் இரண்டு வருடமாக நேர்மையாக வேலை செய்து வருகிறார். பால்மா காணாமற் போனதற்கும் அவருக்கும் எவ்வித தொடர்பும் இல்லை.’ கையெழுத்தும் வைத்து வாசித்துக் காட்டினேன்.

“ஆர் எடுத்ததெண்டு எழுதேல்லையோ?”

நான் பேனையை மூடினேன்.

“எடுத்த ஆளின்ரை பேர் இல்லாட்டி, ரீச்சர் இரக்கப்பட்டு எழுதிக் குடுத்திருக்கிறா எண்டுதான் சனம் நினைக்கும்” என்றாள் பூரணம். “நீங்களும் அப்பிடித்தானே நினைப்பியள்?”

ஓம், அப்படித்தான் நினைப்பேன். அந்தத் தாள் வேறு யாருடைய கையில் இருந்து என்னிடம் வந்திருந்தாலும் அதைத்தான் முதலில் நினைத்திருப்பேன். கையெழுத்துக்கு மேலே கொஞ்ச இடம் இருந்தது. நெருக்கி எழுதினேன். பதினாலு வருஷமாக அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, ‘இஞ்சாருங்கோ’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். எழுத்து எழுத்தாக எழுதி முடித்தேன்.

திரும்பவும் வாசித்துக் காட்டினேன். பூரணம் தாளை வாங்கி, திருப்பிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“கோவியாதேங்கோ ரீச்சர். எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்கள் வாசிச்சதுதான் இதிலை இருக்கெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? தலைவர் ஐயாட்டைக் குடுத்து ஒருக்கா வாசிப்பிக்கப் போறன்.”

முகத்தில் அறைந்தது போல இருந்தது. என்னையா, என்னை நம்பமாட்டாளா என்று ஒரு கணம் கொதித்தேன். அடுத்த கணம் அந்தக் கொதிப்பே எனக்கு வெட்கமாகிவிட்டது. அவள் பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன்.

கனகசபாபதியர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரத்து வாசித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ விறகு வெட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. ‘எவ்வித தொடர்பும் இல்லை’ என்ற இடம் வந்தது. அதற்குக் கீழே நான் நெருக்கி எழுதிய வரியில் அவர் நின்றுவிட்டார். தாளை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பிள்ளை, இது உங்கடை குடும்ப விஷயம். நாங்கள் உள்ளுக்கை இருந்து கதைப்பம்” என்றார்.

நான் பதில் சொல்ல முதல் பூரணம் ஒரு அடி முன்னே வைத்தாள்.

“என்னைக் கள்ளியெண்டு சொல்லேக்கை எல்லாரும் கேக்கத்தானே சொன்னனீங்கள் ஐயா” என்றாள். “மிச்சத்தையும் உரத்து வாசியுங்கோ.”

அவர் திரும்பவும் என்னைப் பார்த்தார்.

“வாசியுங்கோ ஐயா” என்றேன் நான்.